மானமும் மானியமும்

“கை ஏந்துவதா? நாமா? சுயமரியாதை பேசும் மன்றம் சர்க்கார் வாசலில் போய் நிற்பதா? வேண்டாம் அண்ணே!”

“வாசலில் நிற்கச் சொல்லவில்லை தம்பி, தாளை நிரப்பத்தான் சொல்கிறேன். பறைக்குத் தோல் வேண்டும். ஒலிபெருக்கிக்கு வாடகை வேண்டும். அடுத்த ஊர் போக வண்டிச் சத்தம் வேண்டும். வானத்திலிருந்தா கொட்டும்?”

“நிரப்பலாம் அண்ணே. ஆனால் இந்த ஏழாவது கேள்வி... ‘இக்கலையின் பாரம்பரியச் சடங்குப் பின்னணி’ என்று கேட்டிருக்கிறார்கள். இதற்கு என்ன எழுத?”

“எதை எழுதினால் பணம் வருமோ அதை எழுது தங்கச்சி! தொன்றுதொட்டுக் குலத்தொழிலாகச் சாவுக்கும் சாமிக்கும் அடித்து வருகிறோம், புனிதமான கலை என்று எழுது. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?”

வாசலில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்த முதியவர் தலை நிமிர்ந்தார்.

“ஏன் தாயி, அந்தத் தாளிலே நம்மை யாரென்று எழுதப் போறீங்க?”

கற்பனைக் காட்சிதான், தோழர்களே! எந்த ஊர், எவர் பெயர் என்று தேடவேண்டாம். ஆனால் உங்கள் ஊர்ப் படிப்பகத்திலே, உங்கள் மன்றத்துத் திண்ணையிலே, இந்தப் பேச்சு இதுவரை எழவில்லை என்றால் நாளை எழும். கலைக்குழு அமைப்போம், கூத்தும் பறையும் நாடகமும் நடத்துவோம், பாமரர் நெஞ்சிலே பகுத்தறிவை விதைப்போம் என்று கிளம்பும் இளைஞர்கள் முதலில் முட்டிக்கொள்வது மூடநம்பிக்கைச் சுவரில் அல்ல. மன்றத்துப் பணப்பெட்டி காலி என்ற சுவரில்தான்.

அப்போது வருகிறது மானியம் என்ற சொல். அதன் பின்னாலேயே வந்து நிற்கிறது மானம் என்ற சொல். ஒலியிலே உடன்பிறப்புகள் போல் தோன்றும் இவ்விரண்டும் வாழ்விலே ஒன்றையொன்று விரட்டும் பகைவர்களா? மானியம் வந்தால் மானம் போய்விடுமா? மானம் வேண்டுவோர் மானியம் கேட்கலாகாதா?

இதைப் பணத்தைப் பற்றிய கேள்வி என்று எண்ணுவோர் உண்டு. அல்ல, இது அறத்தைப் பற்றிய கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. கேட்கலாமா என்பது ஒன்று. எப்படிக் கேட்பது என்பது மற்றொன்று. நம்மில் பலர் முன்னதிலேயே முட்டி மோதிக் களைத்துப்போய், பின்னதை எண்ணிப் பார்க்க நேரமில்லாமல் போய்விடுகிறோம். ஆனால் மானம் போவதும் நிற்பதும் அந்தப் பின்னதில்தான்.

*

முதற் கேள்வியை முதலில் பார்ப்போம்.

மானியம் என்ற சொல்லைக் கேட்டதும் முதியவர் ஏன் முகம் சுளித்தார்? அவருக்கு அச்சொல்லின் பழைய பொருள் தெரியும். நமக்குத்தான் மறந்துவிட்டது.

மன்னராட்சிக் காலத்திலே மானியம் என்றால் வரி நீக்கிக் கொடுக்கப்பட்ட நிலம். கோயிலுக்குக் கொடுத்தார்கள், வேதியருக்குக் கொடுத்தார்கள், ஊர் ஊழியம் செய்வோருக்கும் ஓரத்திலே ஒரு துண்டைக் கொடுத்தார்கள். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடுவதற்கென்று 400 பெண்களைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தினான் இராசராசன். ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். கல்வெட்டிலே பெயர் பெயராக வெட்டி வைத்திருக்கிறார்கள். கலை வளர்த்த காவலன் என்று கைதட்டுவோர் தட்டட்டும். நாம் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த நானூறு பேரில் ஒருத்தி, ‘எனக்கு இந்த ஊர் வேண்டாம், இந்த ஆட்டமும் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு வெளியேறியிருக்க முடியுமா?

கோபுரத்தின் நிழலை விட்டு ஊர்க்கோடிக்கு வாருங்கள். அங்கே ‘வெட்டியான் மானியம்’ என்று ஒரு துண்டு நிலம். அந்தத் துண்டு நிலத்துக்காக, ஊரில் எவர் வீட்டில் சாவு விழுந்தாலும், நள்ளிரவானாலும், நோயில் கிடந்தாலும், ஓடிவந்து உழைத்தாகவேண்டும். குழி வெட்டவேண்டும், செய்தி சொல்லவேண்டும், பறை அறையவேண்டும். அப்பன் செத்தால் மகன், மகன் செத்தால் பேரன். நிலம் கையளவு; கட்டு கழுத்தளவு! அது உழைப்புக்குத் தந்த கூலி அல்ல. பிறப்பின்மேல் போட்ட பூட்டு. ‘இனிச் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம்’ என்று நிமிர்ந்து நின்றவர்கள் அடிபட்டார்கள், ஊர்விலக்கம் செய்யப்பட்டார்கள். அதே பறையை மேடையேற்றி, விடுதலையின் முழக்கமாக ஒலிக்கச் செய்தவர்கள் அந்தப் பூட்டை உடைத்தவர்கள். அவர்கள் பிள்ளைகளிடம் போய் மானியம் என்ற சொல்லை நீட்டினால், பழைய பூட்டின் ஓசை காதிலே விழத்தானே செய்யும்?

அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சத்தோடு நின்றுவிடுவது நியாயமாகாது. ஏனெனில் இடையிலே ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. மன்னன் தந்தது அவன் மனம். மக்களாட்சி தருவது மக்கள் பணம்!

காணி நிலமில்லாத கூலித் தொழிலாளி, கடையிலே சோப்புக் கட்டி வாங்குகிறார். கால் செருப்பு வாங்குகிறார். மகளுக்குச் செல்பேசி வாங்குகிறார். ஒவ்வொன்றிலும் வரி உண்டு. 2017 முதல் அதற்குச் சரக்கு-சேவை வரி என்று பெயர். வரி வாங்கும்போது சாதி கேட்பதில்லை, சேரியா ஊரா என்று பார்ப்பதில்லை. ஏழை தந்த காசும் பெருஞ்செல்வர் தந்த காசும் ஒரே கருவூலத்தில்தான் போய் விழுகின்றன. அந்தக் கருவூலத்திலிருந்துதான் 1955-இல் சென்னை மாநிலச் சங்கீத நாடக சங்கம் என்று தொடங்கி, பின்னர்ப் பெயரளவிலும் தமிழாகி நிற்கும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் நடக்கிறது. அதிலிருந்துதான் கலை பண்பாட்டுத் துறையும் அதன் மண்டல மையங்களும் நடக்கின்றன. இந்திய ஒன்றியம் ஏழு மண்டலப் பண்பாட்டு மையங்களை அமைத்ததே, அவற்றில் ஒன்று தஞ்சையில் இருக்கிறதே, அதுவும் அப்படித்தான்.

போட்டவன் கேட்டால் பிச்சையா? தன் பங்கு வைத்த பெட்டியிலிருந்து தன் பங்கைக் கேட்பவன் இரவலன் அல்லன், பங்காளி!

‘இருக்கட்டுமே, நாம் கேட்காமல் ஒதுங்கியிருந்தால் என்ன குடி முழுகிவிடும்?’ என்று கேட்கும் தோழரும் உண்டு. அவருக்காகக் கடல் கடந்த ஒரு கதை.

இங்கிலாந்திலே இரண்டாம் உலகப்போர் நடந்தபோது, 1940-இல், கலைகளை ஊக்குவிக்க ஒரு குழு அமைத்தார்கள். தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடங்களிலும் சிற்றூர்களிலும் இசையும் நாடகமும் நடந்தன. போர் முடிந்ததும், 1946-இல், அதுவே பிரிட்டனின் கலைக்கழகம் ஆயிற்று. வழிகாட்டியவர் பொருளியல் அறிஞர் கெயின்ஸ். அரசு பணம் தரும். யாருக்குத் தருவது என்பதை அரசு சாராத கழகம் முடிவு செய்யும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் என்ன நடந்தது? எங்கும் பரப்புவதா, சில இடங்களில் உயர்த்துவதா என்று 1951-இல் தன்னைத் தானே கேட்டுக்கொண்ட அக்கழகம், உயர்த்துவதன் பக்கமே சாய்ந்தது. உயர்ந்தது எது? இலண்டன் மாநகரின் பெரிய இசைநாடக அரங்கு! 1956-க்குள் வட்டாரங்களில் இருந்த அலுவலகங்களை மூடிவிட்டார்கள்.

வட்டாரத்து மக்கள் வாய் பொத்தி இருந்தார்களா? இல்லை. அதே 1956-இல் தென்மேற்குப் பகுதியிலிருந்த கலைமன்றங்கள் ஒன்றுகூடித் தமக்கென ஒரு வட்டாரக் கலைச் சங்கம் கண்டன. பிற வட்டாரங்களும் பின்தொடர்ந்தன. கேட்டார்கள், கிடைத்தது. ஆனால் ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் அங்கே குடியேறி, அந்நாட்டுக்கே வரி செலுத்திய மக்களின் கலைகளோ? அவை கணக்கிலேயே இல்லை. 1976-இல் நசீம் கான் என்ற பெண்மணி எழுதிய அறிக்கை, ‘பிரிட்டன் புறக்கணிக்கும் கலைகள்’ என்று தலைப்பிட்டே அதை எடுத்துக்காட்டவேண்டி இருந்தது.

பாடம் என்ன? கேளாதவன் பங்கு கருவூலத்திலே காத்துக் கிடக்காது, தோழர்களே. கேட்டவன் வீட்டுக்குப் போய்விடும். நாம் மானம் என்று எண்ணி மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தை அலுவலகத்தார் ‘இவ்வூரில் கலை இல்லை’ என்று எழுதிக்கொள்வார்கள். ஆகவே, கேட்கலாம். கேட்கவேண்டும்.

*

ஆனால், கொடுக்கும் கையை நாம் அறியாதவர்களா?

1876-இல் ஆங்கிலேயன் நாடக நிகழ்ச்சிகளை அடக்க ஒரு சட்டம் செய்தான். வெள்ளையன் போனான், அந்தச் சட்டத்தின் நிழல் போகவில்லை. 1954-இல், நடிகவேள் எம். ஆர். ராதா இராமாயணத்தை மேடையிலே தோலுரித்துக் காட்டிய அந்நாளிலே, சென்னை மாநிலம் தனக்கென ஒரு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் செய்துகொண்டது. அதற்கு அடுத்த ஆண்டுதான், மேலே சொன்ன சங்கீத நாடக சங்கம் பிறந்தது! ஒரு கை கதவைச் சாத்தியது. மறு கை காசை நீட்டியது. இரண்டும் ஒரே உடலின் கைகள். அந்த 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாவென்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்வதற்கு 2013 ஆகவேண்டியிருந்தது.

அந்நாளில் நம் இயக்கத்தின் நாடகங்கள் எவர் மானியத்தில் வளர்ந்தன? ‘சந்திரோதயம்’, ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ என்று அண்ணாவே எழுதி, அண்ணாவே வேடமிட்டு நடித்த நாடகங்கள் சீட்டு வாங்கி வந்து உட்கார்ந்த மக்களின் காசிலே வளர்ந்தன. ஆகவேதான் அவற்றின் குரல்வளையை எவராலும் எளிதில் நெரிக்க முடியவில்லை.

அமெரிக்காவிலும் இதே பாடம், இன்னும் அழுத்தமாக. அங்கே பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது, வேலையிழந்த நாடகக் கலைஞர்களுக்கு வேலை தர, 1935-இல் அரசே ஒரு நாடகத் திட்டம் தொடங்கிற்று. ஹாலி ஃபிளானகன் என்ற பெண்மணி அதன் இயக்குநர். நிலமற்றவர் துயரம், குடியிருப்புக் கொடுமை, மின்சாரக் கம்பெனிகளின் கொள்ளை எல்லாம் மேடையேறின. முதலாளிகளின் முகம் சிவந்தது. 1938 டிசம்பரில் பாராளுமன்றக் குழுவொன்று அந்த அம்மையாரைக் கூண்டிலேற்றாத குறையாக விசாரித்தது. அவர் எழுதிய கட்டுரையிலே மார்லோ என்ற பெயர் வந்தது. ‘அந்த மார்லோ கம்யூனிஸ்டா?’ என்று கேட்டார் ஓர் உறுப்பினர். மார்லோ, ஷேக்ஸ்பியருக்குச் சற்று முன்னே புகழ் பெற்ற நாடகாசிரியர். அந்தக் கேள்வி எழுவதற்கு 345 ஆண்டுகளுக்கு முன்பே மாண்டவர்! சிரிக்கிறீர்கள். அவையிலும் சிரித்தார்கள். ஆனால் 1939 ஜூன் 30 அன்று அந்தத் திட்டம் இழுத்து மூடப்பட்டது. பணம் பிடித்த கையிடம் அறிவு இல்லாதபோதும் அதிகாரம் இருக்கிறது, அதை மறக்கவேண்டாம்.

அதே திட்டத்தின் வரலாற்றிலே இன்னொரு நாளும் உண்டு. 1937 ஜூன் 16. இரும்பாலைத் தொழிலாளர் சங்கம் காண்பதைப் பற்றிய இசைநாடகம் நியூயார்க்கில் அரங்கேற இருந்தது. செலவுக் குறைப்பு என்று சொல்லிப் புது நாடகங்களையெல்லாம் தள்ளிவைத்தது அரசு. அரங்கின் கதவு பூட்டப்பட்டது. நடிகர்களும் வந்திருந்த மக்களும் 21 தெருக்கள் நடந்து வேறோர் அரங்குக்குப் போனார்கள். மேடையேறி நடிக்க நடிகர்களுக்கு அவர்களின் சங்கம் இசைவு தரவில்லை. என்ன செய்தார்கள்? இசையமைத்தவர் மட்டும் மேடையில் பியானோ முன் அமர்ந்தார். நடிகர்கள் மக்களோடு மக்களாக இருக்கைகளில் அமர்ந்து, தத்தம் முறை வந்தபோது அங்கேயே எழுந்து நின்று பாடினார்கள்!

அரங்கைப் பூட்டலாம், கூடவே நடந்துவரும் மக்களைப் பூட்ட முடியாது. ஆகவே மானியத்தை மழையாகக் கொள்ளுங்கள். பெய்தால் நன்று, வயல் செழிக்கும். ஆனால் கிணற்றை ஊரிலேயே வெட்டி வைத்திருங்கள். மழையை நம்பிக் கிணற்றைத் தூர்ப்பவன் உழவன் அல்லன்.

*

இனி இரண்டாவது கேள்வி. எப்படிக் கேட்பது?

பரிசில் கேட்பதற்கும் ஒரு மானம் உண்டென்று நமக்குச் சொல்லித் தந்தவர்கள் சங்கப் புலவர்கள். பெருஞ்சித்திரனார் வறுமையிலே வாடியவர். அதியமானைத் தேடிப் போனார். அவன் நேரில் காணாமல் பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். என்னைக் காணாமல், என் தகுதியை அறியாமல் தருவதைப் பெறுவது வாணிகம் என்று மறுத்துவிட்டார். இளவெளிமான் தகுதி அறியாது சிறிது கொடுத்தான், அதையும் தொடவில்லை. குமணனிடம் போய் யானையே பரிசிலாகப் பெற்று வந்து, அந்த இளவெளிமானின் காவல் மரத்திலே கட்டிக் காட்டினார். பெற்ற செல்வத்தை என்ன செய்தார்? உறவினர்க்கும் கடன் தந்தவர்க்கும் இன்னார் இனியார் என்று பாராமல் எல்லோர்க்கும் கொடு, என்னைக்கூடக் கேட்காதே என்றார் மனைவியிடம். புறநானூற்றிலே இவையெல்லாம் இருக்கின்றன.

அவர் வறியவர்தான். ஆனால் ‘நான் யார்’ என்பதை மாற்றிச் சொல்லிப் பரிசில் பெற்றவர் அல்லர். என்னை நானாகவே கண்டு கொடு. இல்லையேல் வேண்டாம் என்றவர். மானம் இருக்கும் இடம் அதுதான், தோழர்களே! மானியம் கேட்பது மானக்கேடு அன்று. மானியத்துக்காக நம்மை வேறொருவராக எழுதிக்கொள்வதே மானக்கேடு.

நம் காட்சிக்குத் திரும்புவோம். ‘புனிதமான குலத்தொழில் என்று எழுது, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்’ என்றாரே அண்ணன்? அவர் கெட்டவர் அல்லர். குழு வாழவேண்டும், கலைஞருக்கு நாலு காசு கிடைக்கவேண்டும் என்ற நல்லெண்ணம்தான். நல்ல நோக்கத்துக்கு ஒரு சிறு பொய் – அதனால் யாருக்கு என்ன கெடுதி?

கெடுதி மூன்று உண்டு.

முதற் கெடுதி நம் கொள்கைக்கு. நரகம் உண்டு, எண்ணெய்க் கொப்பரை உண்டு என்று புரோகிதன் சொல்வது பொய்யென்று நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அவன் சொல்லும் மறுமொழி என்ன? ‘பொய்யாகவே இருக்கட்டும், மக்கள் ஒழுங்காக நடக்க உதவுகிறதே, நோக்கம் நல்லதுதானே!’ இந்த மறுமொழியை நாம் ஏற்பதில்லை. நோக்கம் நல்லதென்பதால் பொய் மெய்யாகாது என்கிறோம். அதே நாம், ஒரு தாளின் ஏழாவது கட்டத்திலே நல்ல நோக்கத்துக்காகப் பொய் எழுதினால், நம் வாதத்தை நாமே மடித்து அவன் மடியில் வைத்தவர்கள் ஆவோம்.

இரண்டாம் கெடுதி வரலாற்றுக்கு. மேடையிலே சொன்ன சொல் காற்றோடு போகும். கோப்பிலே எழுதிய சொல் இருந்துகொண்டே இருக்கும். நூறு குழுக்கள் நூறு விண்ணப்பங்களிலே ‘பறை எங்கள் குலத்தொழில், சாவுச் சடங்குக் கலை’ என்று எழுதிக் கையொப்பமிட்டால், நாளை அந்தக் கோப்புகளைப் புரட்டும் அதிகாரி என்ன முடிவுக்கு வருவார்? ‘அவர்களே சொல்லியிருக்கிறார்களே’ என்பார். அடுத்த திட்டம் அந்தப் பொய்யின்மேல் கட்டப்படும். அடுத்த தாளிலே அந்தப் பொய்யே கேள்வியாக அச்சாகி வரும். பாட்டன் உதறி எறிந்த கட்டைப் பேத்தி தன் கையெழுத்தால் திரும்பப் பூட்டிக்கொள்வாள். அவளுக்குப் பின்னே வரும் பிள்ளை, தன் முன்னோர் அடிமைத்தனத்தை மறுத்தவர்கள் என்பதை அறியாமல், விரும்பி ஏற்றவர்கள் என்றே படிப்பான்!

மூன்றாம் கெடுதி குழுவுக்கே. பொய் எழுதி வாங்கிய பணத்துக்குப் பொய்க் கணக்கும் எழுதவேண்டி வரும். பத்துப் பேர் ஆடினால் இருபது பேர் என்று எழுதவேண்டும். இருபது பேருக்குக் கூலி கொடுத்ததாகச் சீட்டு வேண்டும். சீட்டு வாங்கித் தர ஒரு தரகர் வேண்டும். தரகருக்குப் பங்கு வேண்டும். கணக்கை ஊருக்குக் காட்ட முடியாது. காட்ட முடியாத கணக்கை வைத்திருப்பவனிடம் மற்றவர்கள் அஞ்சிப் பேசவேண்டும். கோயில் தருமகர்த்தாவைக் கணக்குக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் மன்றத்துக்கே ஒரு தருமகர்த்தா முளைப்பதா?

‘பசித்த வயிற்றிடம் பாடம் நடத்துகிறாயே!’ என்று ஒரு தோழர் குறுக்கிடலாம். நியாயமான குறுக்கீடு. வாய்மை பேசுவது வயிறு நிறைந்தவனுக்கு எளிது. கட்டத்திலே எதிர்பார்த்ததை எழுதாதவனுக்குப் பணம் வராது போனால், பட்டினி கிடப்பது கட்டுரை எழுதுபவன் அல்லன்; பறையடிப்பவன்தான். இதை நான் மறைக்கவில்லை. அதனாலேயே சொல்கிறேன்: எது பொய், எது வெறும் சொல்மாற்றம் என்று பிரித்தறியவேண்டும். வேண்டாத இடத்தில் வீம்பு காட்டி வருகிற பணத்தை இழப்பதும் அறியாமையே.

எடுத்துக்காட்டு ஒன்று. ஒன்றிய அரசின் உதவித் திட்டம் ஒன்றுக்குப் பெயரே ‘குரு–சிஷ்ய பரம்பரை’. குருவென்றும் சிஷ்யனென்றும் பெயர் கேட்கிறது தாள். குருவின் காலடியில் விழுந்து கிடப்பதை நாம் ஏற்பதில்லை. அதற்காகத் தாளைக் கிழித்தெறிவதா? வேண்டாம். அந்தக் கட்டம் கேட்பது, யார் கற்பிக்கிறார், யார் கற்கிறார் என்ற உண்மையை. ‘பயிற்றுநர் இன்னார்’ என்று எழுதுங்கள். எழுதியது உண்மை, எழுதாது விட்டது அடிமைத்தனம். தாளின் மொழி அவர்களுடையதாக இருக்கலாம். விடை நம்முடையதாக இருக்கட்டும்.

ஆனால் ஏழாவது கட்டம் அப்படிப்பட்டதல்ல. அது நம் வரலாற்றைக் கேட்கிறது. அங்கே சொல்லை மாற்றினால் பொருளே மாறிவிடும். ஆகவே அங்கே முழு உண்மையையும் எழுதுங்கள். ‘இப்பறையைச் சாவு வீட்டில் அறையும்படி எம் முன்னோர் கட்டாயப்படுத்தப்பட்டனர். அக்கட்டாயத்தை அவர்கள் மறுத்தனர். இன்று இதனை எவர் ஏவலுமின்றி, விரும்பி, ஆணும் பெண்ணும் எச்சாதியாரும் கற்று ஆடுகிறோம். அதற்கே உதவி வேண்டுகிறோம்.’ நாலு வரி. இதைவிடப் பெருமைக்குரிய பின்னணி எந்தக் கலைக்கு உண்டு? படிக்கும் அதிகாரிகளிலும் நெஞ்சுள்ளவர் இருப்பார்கள். உண்மைக்கு ஒரு வாய்ப்பைக் கொடுத்துத்தான் பாருங்களேன்!

கொடுக்காவிட்டால்? காரணம் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருப்பது எதற்கு? எவரெவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எந்த அளவுகோலால் எம்மை ஒதுக்கினீர்கள் என்று எழுத்திலே கேளுங்கள். மறுக்கப்பட்ட விண்ணப்பமும் ஒரு போராட்ட ஆவணம்தான், அது உண்மையாக எழுதப்பட்டிருந்தால். பொய்யாக எழுதப்பட்ட விண்ணப்பமோ, ஏற்கப்பட்டாலும் தோல்வி.

*

நடைமுறைக்கு வருவோம். கொள்கை பேசிக் கலைந்துவிட்டால் கணக்கேடு யார் எழுதுவது?

தனியாளாக நின்று கேட்கவேண்டாம், அமைப்பாக நில்லுங்கள். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அந்த ஏழு பேரும் ஒரே வீட்டுக்காரராக இருந்தால் அது சங்கமல்ல, சம்சாரம். ஆடுகிற பெண்களின் பெயர் ஆட்டத்தில் மட்டும் இருந்து, ஏட்டில் இல்லாமல் போகவேண்டாம். பொருளாளர் பொறுப்பை ஒரு பெண்ணிடம் ஒப்படையுங்கள். கூட்டக் குறிப்பைக் கூட்டம் முடியும்முன் எழுதுங்கள். வங்கிக் கணக்கு ஒருவர் கையெழுத்தில் ஓடவேண்டாம், இருவர் கையெழுத்து வேண்டும்.

செலவுத் திட்டம் போடும்போது, முதல் வரியிலே கலைஞரின் கூலி இருக்கட்டும். நம் குழுக்களிலே பந்தலுக்குப் பணம் உண்டு, பதாகைக்குப் பணம் உண்டு, ஆடியவருக்கு மட்டும் தேநீரும் தோளில் ஒரு துண்டும்! சமத்துவம் பேசும் நாடகத்திலே நடித்தவர் வெறுங்கையோடு வீடு திரும்பினால், அந்த நாடகத்தை யார் நம்புவார்? பின்பு, தோல் என்ன விலை, வண்டி என்ன வாடகை என்று விசாரித்து உள்ளபடி எழுதுங்கள். கூட்டி எழுதினால் குறைத்துத் தருவார்கள் என்ற தந்திரம் வேண்டாம். அதுவும் ஏழாவது கட்டத்துப் பொய்யின் தம்பிதான். பணம் செலவான பின் பயன்பாட்டுச் சான்று கேட்பார்கள். அதை அலுப்போடு எழுதவேண்டாம். மக்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்பது மக்களின் உரிமை. நாம் பிறரிடம் கேட்பதை நம்மிடம் ஒருவர் கேட்டால் முகம் சுளிக்கலாமா?

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு சோதனை சொல்கிறேன். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்னாள் மாலை, தெருவிலே விளக்கு வைத்து, ஊராரைக் கூட்டி, அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரக்கப் படியுங்கள். பணம் வந்து செலவான பின் கணக்கையும் அவ்வாறே படியுங்கள். எந்த வரியைப் படிக்கும்போது நாக்குத் தடுமாறுகிறதோ, எந்தத் தொகையைச் சொல்லும்போது குரல் தாழ்கிறதோ, அந்த வரியை அடித்துவிடுங்கள். ஊரார் முன் உரக்கப் படிக்க முடியாத விண்ணப்பம் உறையிலிடத் தகாத விண்ணப்பம்.

‘யார் வந்து பார்க்கப் போகிறார்கள்’ என்றாரே அண்ணன், அதற்கு விடை இதுதான். நாம் யாருக்காக ஆடுகிறோமோ, அவர்கள் பார்க்கட்டும்.

*

அந்த இரவுக்கே திரும்பிச் செல்வோம். வைக்கோல் தீ அணையப் போகிறது. பறை காய்ந்துவிட்டது. முதியவர் விரலால் ஒருமுறை தட்டிப் பார்க்கிறார், கணீரென்கிறது.

“என்ன எழுதட்டும் பெரியப்பா? நீங்களே சொல்லுங்கள்.”

“உள்ளதைச் சொல்றேன், எழுதிக்கோ தாயி. எங்கப்பா அடிச்சார், அடிக்காட்டி அடிப்பாங்கன்னு அடிச்சார். நான் அடிக்க மாட்டேன்னு சொன்னேன், அதுக்கு அடிபட்டேன். இப்ப நீ அடிக்கிறே, உனக்குப் பிடிச்சிருக்கு, அதனாலே அடிக்கிறே. அவ்வளவுதான்.”

அந்தப் பெண் எழுதுகிறாள். கட்டம் போதவில்லை. தனித்தாள் இணைக்கலாமா என்று பார்க்கிறாள். இணைக்கலாம் என்று அடியிலே அச்சிட்டிருக்கிறது. இணைக்கிறாள். கை ஏந்துவதா என்று முதலில் சீறிய தம்பி, இப்போது அந்தத் தாளை வாங்கி ஒருமுறை படிக்கிறான். பிறகு தன் பெயரையும் எழுதிக் கையொப்பமிடுகிறான்.

பணம் வருமா? தெரியாது. வந்தால் தோல் வாங்குவார்கள், வண்டி பிடிப்பார்கள், அடுத்த ஊரிலே ஆடுவார்கள். வராவிட்டால் தெருவுக்கு ஒரு உண்டியல் வைத்து, கொஞ்சம் தாமதமாக, அதே ஊரிலே ஆடுவார்கள். ஆனால் எங்கோ ஓர் அலுவலகத்தின் கோப்பிலே, முதன்முறையாக, உண்மை ஒன்று பதிவாகியிருக்கும்.

தோழர்களே! உங்கள் மன்றத்து மேசையின்மேலும் அந்தத் தாள் கிடக்கலாம். தயங்காமல் எடுங்கள். குனியாமல் எழுதுங்கள். கேட்பது நம் பணம். எழுதுவது நம் பெயர். இரண்டிலும் கறை வேண்டாம்.